வெள்ளகவிச் சரிவில் நாற்பத்தோரு தலைவர்கள்

ஜெயமுருகன் இறந்ததற்குக் காரணம் நிலவமைப்பு என்று கடிதத்தில் இருந்தது.

அவன் சொந்த ஊரான கவுஞ்சியில் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியவர் பள்ளிக்கூட ஆசிரியை சுகன்யா. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த ஒரு சொல்லில் தடுமாறி நின்றார். "நிலவமைப்புன்னா... மலை, பள்ளம், சரிவு, அதெல்லாம்தாங்க" என்றார்.

ஜெயமுருகனின் அப்பா நாச்சிமுத்து தலையை ஆட்டினார். ஐம்பத்தெட்டு வருஷமாக அவர் நிலவமைப்பில்தான் குடியிருக்கிறார். அவருடைய பூண்டுத் தோட்டம் ஒன்பது அடுக்காக மலையில் இறங்கும். அப்பனும் மகனும் அதில் வழுக்கி விழுந்த நாள்கள் உண்டு. செத்த நாள் கிடையாது.

"அப்புறம் என்னம்மா போட்டிருக்கு?"

"விழுந்ததுமே உயிர் போயிருச்சாம். வலியே தெரிஞ்சிருக்காதாம். நாட்டோட வியூகப் பண்பாட்டுக்கு அவர் செஞ்ச பங்களிப்பு நிலைச்சு நிக்கும்னு முடிச்சிருக்காங்க."

ஜெயமுருகனின் அம்மா காளியாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் யாரிடமும் சொல்லாமல் சுவரிடம் சொன்னாள்: "நகக்கண்ணு பூராம் மண்ணு இருந்துச்சே. குளிப்பாட்டையில நான்தான எடுத்தேன். பத்து வெரல்லயும் இருந்துச்சு. வுழுந்ததும் செத்தவனுக்கு வெரல்ல எதுக்கு மண்ணு?"

சுகன்யா கடிதத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

ஜெயமுருகன் வேலை பார்த்த இடத்துக்கு 'வியூகச் சிந்தனை மற்றும் தலைமைத்துவ உயர் மையம்' என்று பெயர். கொடைக்கானல் ஊரைத் தாண்டி, பேரிக்காய் மரங்களுக்கு நடுவில், ஏதோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களாவில் இருந்தது. பெயர் நீளம் என்பதால் ஊர்க்காரர்கள் தலைவர் பங்களா என்றார்கள். நாட்டின் பல மூலைகளில் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த ராணுவ அதிகாரிகளை அங்கே வரவழைத்துப் பத்து வாரம் சிந்திக்கவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். வாசலில் பித்தளை எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது: 'இங்கே பின்தொடர்பவர் எவருமில்லை. அனைவரும் தலைவர்களே.' அந்தப் பித்தளையைத் தினமும் காலையில் துடைப்பது ஜெயமுருகனின் வேலைகளில் ஒன்று. அவனையும் சேர்த்து அங்கே இருந்த இருபத்திரண்டு சிப்பாய்கள் அந்த 'அனைவரில்' சேர மாட்டார்கள்.

வடக்கே எல்லையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றலாகி வந்தவன். இனிமேல் பயமில்லை என்று காளியாயி நிம்மதியாக இருந்தாள். போனில் பேசும்போது நாச்சிமுத்து கேட்பார்: "அங்க என்னடா சோலி?"

"நாற்காலி தூக்குற சோலிதாம்ப்பா. உள்ள போட்டா, வெளிய போடு, காத்தோட்டமா யோசிக்கணும்பாங்க. வெளிய போட்டா மழை வந்துரும். மறுபடி உள்ள தூக்கணும்."

"அப்படி என்னத்தடா யோசிக்கிறாங்க?"

"எப்படி யோசிக்கிறதுன்னுதாம்ப்பா யோசிக்கிறாங்க."

நாச்சிமுத்து முதல் தடவை அங்கே போனது காரியம் முடிந்த மூன்றாவது நாள். வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் வாசலில் நின்றார். வருகைப் படிவத்தில் ஒப்பந்ததாரர், பத்திரிகையாளர், சிறப்பு விருந்தினர் என்று மூன்று கட்டம் இருந்தது. இறந்தவரின் தகப்பனுக்குக் கட்டம் இல்லை. காவலுக்கு நின்றவன் நல்ல பிள்ளை. எந்தக் கட்டத்தில் டிக் போடலாம் என்று அரைமணி நேரம் போனில் கேட்டுப் பார்த்தான். கடைசியில், இதுபற்றிக் கொள்கை முடிவு எடுக்கப்பட்டபின் தகவல் வரும் என்றான்.

இரண்டாம் தடவை உள்ளே விட்டார்கள். ஒரு மேஜர், 'துயரத்தை வழிநடத்துதல்' என்ற பாடத்தில் தேர்ந்தவர், அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். மேஜருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வத்தலக்குண்டுக்காரர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். சுபேதார் மலைச்சாமி. பணி ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. அவர் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜர் பலகையில் ஐந்து படி கொண்ட ஏணி ஒன்றை வரைந்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் எழுதி நீண்ட நேரம் பேசினார். மலைச்சாமி கேட்டு முடித்துவிட்டு, "நீங்க இதுல எந்தப் படியில இருக்கீங்கன்னு கேக்குறாருண்ணே" என்றார்.

"எம்மவன் எங்கனக்குள்ள வுழுந்தான்? அதக் கேளுங்க சார்."

மலைச்சாமி கேட்டார். மேஜர் மகிழ்ச்சியோடு இரண்டாவது படியில் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் படிக்குக் கோபம் என்று பெயர். ஆறு வாரத்தில் ஐந்தாம் படிக்கு ஏறிவிடலாம் என்றும், தம் துயரத்துக்குத் தாமே தலைவராக இருக்கும்படியும் சொல்லி, ஏணி அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் தடவை அவர்களே கூப்பிட்டார்கள். வகுப்பின் நிறைவு நாளுக்குச் சிறப்பு விருந்தினராக வரவேண்டும் என்று கடிதம் வந்தது. ஜீப்பும் வந்தது. அன்றைக்கு எல்லாம் சொல்லப்படும் என்று ஜீப்போடு வந்த மலைச்சாமி சொன்னார். காளியாயி வர மறுத்துவிட்டாள். "அந்த மண்ணு எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேட்டு வாங்க" என்றாள்.

பெரிய கூடம். முன்வரிசையில் நாச்சிமுத்துவை உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். பக்கத்து நாற்காலியில் மலைச்சாமி. பின்னால் அந்த வகுப்பின் நாற்பத்தோரு அதிகாரிகளும் வரிசையாக. மேடையில் ஏறிய கமாண்டன்ட் உயரமானவர், வெள்ளி மீசைக்காரர். ஆங்கிலத்தில் பேசினார்.

"நண்பர்களே, ஒரு சிப்பாய் விழுவது வெறும் நிகழ்ச்சி. அதிலிருந்து நாற்பத்தோரு பேர் கற்றுக்கொள்வது பண்பாடு. எதிரி நம் நிலத்தைப் பறிக்கலாம், நம் பாடங்களைப் பறிக்க முடியாது. ஒரு விபத்தைக் கண்டால் சாதாரண மனிதன் ஓடுகிறான். தலைவன் ஓடுவதில்லை. அவன் இரண்டு அடி பின்வாங்கி, முழுப் படத்தையும் பார்க்கிறான். அன்று நீங்கள் ஒருவர்கூட ஓடவில்லை. நானும் அங்கே இருந்தேன். உங்கள் கற்றலில் குறுக்கிடாமல் தார்ப்பாயின் கீழ் நான்கு மணி நேரம் பார்வையாளனாக நின்றேன். அது எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும்."

கைதட்டினார்கள். நாச்சிமுத்து மலைச்சாமியைப் பார்த்தார்.

"யாரும் ஓடலையாம்ணே" என்றார் மலைச்சாமி.

விளக்குகள் அணைந்தன. திரையில் எழுத்து வந்தது. 'வெள்ளகவிச் சரிவு: ஒரு தலைமைத்துவ ஆய்வு.' விளக்க வந்தவர் அந்த நாற்பத்தோரு பேரில் ஒருவரான கர்னல் தேவ்கர். சிவந்த முகம், நல்ல குரல். ஐப்பசி மழை நாள் ஒன்றில், திறந்தவெளியில் சிந்திப்பதற்காக வெள்ளகவி ஊருக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் வகுப்பு மொத்தமும் போனது. நாற்காலிகள், தார்ப்பாய், டீ, ஒயிட்போர்டு இவற்றைச் சுமந்து ஆறு சிப்பாய்கள். மலைச்சாமி ஒவ்வொரு வரியாக, தணிந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"பத்து இருபத்தஞ்சு. பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்கு, ஓரத்துல போர்டை வைக்க வேணாம்னு படைவீரர் அ சொன்னாரு. கீழ்மட்டக் கருத்துன்னு பதிவு பண்ணி, மதியக் கூட்டத்துல பரிசீலிக்க எடுத்துக்கிட்டாங்க."

"பத்து நாப்பது. படைவீரர் அ போர்டோட விழுந்தாரு."

நாச்சிமுத்து திரும்பினார். "யாருங்க அது, அ?"

மலைச்சாமி திரையையே பார்த்தார்.

"எம்மவனா?"

"ஆமாண்ணே. ஆய்வுல பேர் போடக்கூடாதாம்."

திரை மாறியது. பத்து நாற்பத்து நாலு. நாற்பதடி கீழே ஒரு பாறைத் திட்டில் 'அ' கிடப்பது தெரிகிறது. குரல் கொடுக்கிறார். பத்து ஐம்பது. கூட வந்தவர்களில் மூன்று பேர் இறங்க முன்வருகிறார்கள். 'செயலுக்கு முன் சிந்தனை' என்ற கோட்பாட்டின்படி அவர்கள் நிறுத்தப்படுகிறார்கள். பதினொரு மணி. மீட்புக்குத் தலைமை ஏற்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது.

கர்னல் தேவ்கர் இங்கே சற்று நிறுத்தினார். "இதுதான் நம் மையத்தின் வெற்றி. வேறு எந்த இடமாக இருந்தாலும் தலைமை ஏற்க ஆள் இல்லாமல் திண்டாடியிருப்பார்கள். நாம் நாற்பத்தோரு பேர் தயாராக இருந்தோம்."

ஏழு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குழுவும் பத்து நிமிடம் தன் தொலைநோக்கைச் சொன்னது. பன்னிரண்டரைக்கு, வெள்ளகவி ஊர்க்காரர்களைக் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். நோயாளிகளைக் கம்பில் கட்டி அந்தப் பாதையில் தலைமுறை தலைமுறையாகத் தூக்கி ஏறுகிறவர்கள். பொதுமக்களைச் சார்ந்திருப்பது வியூக பலவீனம் என்று அது கைவிடப்பட்டது. கொடைக்கானலுக்கு ஆள் அனுப்பி டாக்டரை அழைப்பது கீழ்மட்ட வேலை, இது உயர்மட்டப் பயிற்சி. ஒன்றேகாலுக்கு, சிந்தனை தளராதிருக்கப் பொட்டலச் சாப்பாடு. இரண்டு இருபதுக்கு வாக்கெடுப்பு. உடனே இறங்க வேண்டும் என்று பதினாலு பேர். ஹெலிகாப்டர் கேட்க வேண்டும் என்று பதினாலு பேர். பிரச்சினையைச் சரியாக வரையறுத்தோமா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று பதின்மூன்று பேர்.

அடுத்த திரையில் ஒரு வரிதான். இரண்டு ஐம்பது. குரல் நிற்கிறது. கால அழுத்தம் நீங்குகிறது.

மலைச்சாமி அதை மொழிபெயர்க்கவில்லை. நாச்சிமுத்துவே கேட்டார்.

"ரெண்டு அம்பதுக்கு என்ன போட்டிருக்கு?"

"பேச்சு நின்னுருச்சுண்ணே."

பத்து நாற்பத்து நாலிலிருந்து இரண்டு ஐம்பது வரை. நாச்சிமுத்து மனசுக்குள் பூண்டு வயலில் வைத்துக் கணக்கிட்டார். களைக்கொத்தை எடுத்து உட்கார்ந்தால் இரண்டு அடுக்கு முடித்து மூன்றாவதில் பாதி வந்துவிடும் நேரம். அவர் எழுந்து நின்றார். சால்வை நழுவிக் கீழே விழுந்தது.

"என்னன்னு குரல் குடுத்தான்? அதக் கேளுங்க."

மலைச்சாமி கேட்டார். கமாண்டன்ட்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். "அருமையான கேள்வி. ஆய்வில் ஒரு தகவல் இடைவெளி இருப்பதை ஒரு விவசாயி கண்டுபிடித்திருக்கிறார். கர்னல்?"

கர்னல் தேவ்கர் குறிப்புகளைப் புரட்டினார். "அன்று மூடுபனி, காற்று. குரல் வந்தது ஐயா. சொற்கள் வரவில்லை."

கமாண்டன்ட் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மலைச்சாமி இதை மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்த பிறகும் வாயை மூடவில்லை. கூடத்துக்கு முதுகைக் காட்டி நாச்சிமுத்து பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"கயித்தப் போடுங்க சார்னான். மொத ஒரு மணி நேரம் அதான். கால் ஒண்ணு ஒடிஞ்சிருச்சு, கை நல்லாருக்கு, கயிறு வந்தா ஏறிருவேன்னான். அப்புறம் கண்ணுல ரத்தம் எறங்கிருச்சு போல. எங்க பிடிக்கன்னு தெரியல, மேலருந்து பாத்து எடத்த மட்டும் சொல்லுங்க சார், நானே வந்துர்றேன்னான். யாரும் சொல்லல. அவனாவே தடவித் தடவி ரெண்டு மூணு வாட்டி ஏறுனான். வழுக்கி வழுக்கித் திட்டுலயே போயி விழுந்தான்."

நகக்கண் மண் எப்படி வந்தது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"கயிறு இல்லையா?"

"இருந்துச்சு. தார்ப்பாயில கட்டியிருந்துச்சு. அவுத்தா அவங்க நனைவாங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"எறங்குறேன்னு சொன்ன மூணு பேர்ல நானும் ஒருத்தன்ணே. நில்லுன்னாங்க. நின்னேன். காத்துல தார்ப்பாய் தூக்குச்சு. ஒரு மூலையப் பிடின்னாங்க. பிடிச்சேன்."

மேடையிலிருந்து கமாண்டன்ட் கேட்டார்: "சுபேதார், என்ன பேசிக்கொள்கிறீர்கள்?"

"கயிறு எங்கே இருந்தது என்று கேட்டார் ஐயா. சொன்னேன்."

"நல்லது. வெளிப்படைத்தன்மை நம் ஏழு விழுமியங்களில் ஒன்று" என்று சொல்லிவிட்டு அவர் பரிசளிப்புக்குப் போனார். அந்த வகுப்பின் சிறந்த ஆய்வு 'முடிவெடுக்காமையின் வலிமை' என்ற கட்டுரை. எழுதியவர் கர்னல் தேவ்கர். அவருக்குரிய வெண்கலக் கேடயத்தை, நிகழ்ச்சியோடு உணர்வுபூர்வமான தொடர்புடைய சிறப்பு விருந்தினர் வழங்குவார் என்றும், அதற்கு முன் தலைமைத்துவம் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வார் என்றும் அறிவித்தார்கள். இரண்டு பேர் வந்து நாச்சிமுத்துவைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப்போனார்கள். கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். மைக்கை வாய்க்கு நேரே வளைத்தார்கள்.

அவர் மைக்கை விட்டு விலகி, தோட்டத்தில் எதிர்ச்சரிவில் நிற்கிறவனோடு பேசுகிற குரலில் பேசினார்.

"எங்க ஊர்ல மட்டக்குதிரை பொதியோட சரிவுல வுழுந்துரும். யாரு குதிரைன்னு கேட்டுட்டு நிக்க மாட்டோம். எவன் கிட்டக்க இருக்கானோ அவன் எறங்குவான். இன்னொருத்தன் கயிறு கொண்டாருவான். குதிரை மேல வந்ததும் அவனவன் சோலியப் பாக்கப் போயிருவான். எறங்குனவனுக்கு ஒரு பேரும் வைக்கிறதில்ல. குதிரைக்கே அப்படிங்க. எம்மவன் கை நல்லாருக்குன்னு சொல்லியிருக்கான். எங்க பிடிக்கன்னு கேட்டிருக்கான். இம்புட்டுப் பேரு மேல நின்னிருக்கீங்க."

மலைச்சாமி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அவ்வளவு முழுமையாக அவர் அதுவரை எதையும் மொழிபெயர்த்ததில்லை.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். கமாண்டன்டின் குரல் தழுதழுத்தது. "மண்ணின் ஞானம்! பரவலாக்கப்பட்ட தலைமை என்று நாம் நானூறு பக்கம் எழுதுகிறோம், இவர் ஒரு குதிரையை வைத்துச் சொல்லிவிட்டார்." அடுத்த வகுப்பிலிருந்து மட்டக்குதிரைக் கோட்பாடு பாடத்தில் சேர்க்கப்படும் என்று அங்கேயே அறிவித்தார். செய்முறைக்காக ஒரு குதிரையைத் தருவிக்கவும், அதைச் சரிவில் இறக்கிக் காட்டவும், பராமரிக்க இரண்டு சிப்பாய்களை ஒதுக்கவும் உத்தரவானது. கயிறு பற்றி உத்தரவு எதுவும் இல்லை.

நாச்சிமுத்து கேடயத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். கர்னல் தேவ்கர் சற்றுக் காத்துப் பார்த்துவிட்டுக் கேடயத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். முன்முயற்சி என்று அதற்கும் கைதட்டல் கிடைத்தது.

வாசலுக்கு வெளியே மலைச்சாமி ஓடிவந்து சேர்ந்துகொண்டார். உள்ளே டீ நேரத்து உரையாடலுக்கு மொழிபெயர்க்க அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"எடத்தக் காட்டுங்க" என்றார் நாச்சிமுத்து.

"உத்தரவு வாங்கணும்ணே" என்று சொல்ல மலைச்சாமி வாயெடுத்தார். சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வட்டக்கானல் தாண்டிப் பாதை சோலைக்குள் இறங்கியது. வேர்களே படிகளாக இருக்கும் பாதை. மூடுபனி மரத்துக்கு மரம் ஏறிக்கொண்டிருந்தது. காற்றும் இருந்தது. சோலை முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் மலைச்சாமி நின்றார். சரிந்த மண்மேல் புல் முளைத்திருந்தது. கீழே பாறைத் திட்டு, அதற்கும் கீழே வெறும் வெள்ளை.

நாச்சிமுத்து செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அண்ணே, வேணாம்ணே. மண்ணு ஈரமாக் கெடக்கு. நான் எறங்குறேன்."

"நில்லுங்க" என்றார் நாச்சிமுத்து. மலைச்சாமி நின்றார்.

முகத்தைப் பாறைக்குக் கொடுத்து, வேரைப் பிடித்து அவர் இறங்கினார். ஒரு தடவை கால் வழுக்கிக் கல் உருண்டது. "எடது கைப்பக்கம் ஒரு வேர்..." என்று மலைச்சாமி ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க."

பனிக்குள் அவர் தலை மறைந்தது. மலைச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்க்காமலிருக்க முடியவில்லை. கீழே கால் ஊன்றும் சத்தம் கேட்டபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

காற்று சோலையில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. கத்தவில்லை. பக்கத்து அடுக்கில் களையெடுப்பவரிடம் பேசுகிற குரல்தான்.

"தம்பி, கேக்குதா?"

"கேக்குதுண்ணே."

இப்போது இன்னும் தணிவாக, வீட்டுக்குள் பேசுகிற மாதிரி.

"இப்ப?"

"கேக்குதுண்ணே."

"சொல்லு சொல்லாக் கேக்குதா?"

மலைச்சாமி பாறை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு சொல்லும் கேக்குதுண்ணே" என்றார்.